ஏரிக் கண் ஃப்ளாய்டும் ஐந்து கரும்பச்சைகளும்

ஹாட்செட் ஏரிக்கரையில் நாற்பத்தொரு வீடுகள் இருக்கின்றன. ஏரி நடுவில் படகை நிறுத்திப் பார்த்தால் அவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. மரம் தெரியலாம், பாறை தெரியலாம், மனிதர் வாழும் சுவடு தெரியக்கூடாது. எங்கள் ஏரிச் சங்கம் நூறு வருடத்துக்கு முன்னால் போட்ட சட்டம் அது. சுவருக்குக் கரும்பச்சை, கூரைக்குக் கரும்பச்சை, ஏரிப் பக்கம் துணி காயப்போடுவது அறவே கூடாது. இங்கே புதிதாக வீடு வாங்கும் வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பார்சல் கொண்டுவருகிறவர் அவர்கள் வீட்டைத் தேடி மூன்று தடவை வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

சட்டம் இருந்தால் சரிபார்க்க ஆள் வேண்டுமே. ஒவ்வொரு கோடையிலும், செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்துக்கு முந்தைய சனிக்கிழமை, காலை பான்கேக் விருந்து முடிந்ததும், சங்கத்தின் ஆள் ஒருவர் படகில் நடு ஏரிக்குப் போவார். எழுந்து நின்று கரையைச் சுற்றிலும் பார்ப்பார். எந்த வீடு தெரிகிறதோ அதன் பெயரை உரக்கச் சொல்வார். கரைகளில் காப்பிக் கோப்பையோடு நிற்கும் சனங்களுக்குத் தண்ணீர் வழியாக அது அட்சரம் பிசகாமல் கேட்கும். பெயர் வந்தவர் அக்டோபருக்குள் குறையைச் சரிசெய்ய வேண்டும். அதோடு இலையுதிர் கால விருந்துக்கு எண்பது பேருக்குப் பீன்ஸ் சமைத்துக் கொண்டுவர வேண்டும். வெட்கத்தைவிடப் பீன்ஸுக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள்.

அந்தப் பதவிக்கு 'ஏரிக் கண்' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஏரிக் கண் ஃப்ளாய்ட் ட்ராம்ப்ளி.

ஃப்ளாய்ட் முப்பத்தொரு வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். வெள்ளையைப் பார்த்தே காலம் கழித்த மனிதருக்குப் பச்சையில் இப்படி ஒரு கண் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வந்திருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். மூன்றாம் வளைவில் இருந்த பெவர்லி அம்மாள் ஆசைப்பட்டு அடித்த பச்சையை, "புதினா ஐஸ்க்ரீம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளினார். பக்கத்து வீட்டு லைல் டுகெட்டை அடுத்தடுத்து மூன்று வருடம் திரும்ப அடிக்க வைத்தார். லைல் ஓய்வு பெற்ற தபால்காரர், சங்கத்தின் செயலாளரும்கூட. மூன்று வருடம் பீன்ஸ் சமைத்ததை அவர் மறக்கவில்லை. ஏரிக் கண் பதவி காலியானால் அடுத்த நிமிடம் அதில் உட்கார வேண்டும் என்பதுதான் லைலின் மீதி வாழ்க்கை லட்சியம்.

இந்த நிலையில், இரண்டு கோடைகளாக ஃப்ளாய்டுக்குக் கண் தெரியவில்லை.

அடியோடு தெரியாமல் போய்விடவில்லை. காப்பிக் கோப்பை தெரியும், மனைவி ஆர்லீன் தெரிவாள், படகுத்துடுப்பு தெரியும். தூரத்தில் இருப்பதெல்லாம் அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல மங்கலாகவும், கொஞ்சம் தேநீர் நிறத்திலும் தெரிந்தது. கண்புரை என்று அவருக்கே தெரியும். அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. டாக்டரிடம் போனால் வெளியே தெரிந்துவிடும், வெளியே தெரிந்தால் படகு லைல் கைக்குப் போய்விடும். ஆகவே அவர் டாக்டரிடம் போகவில்லை. ஏரி அவருக்கு மனப்பாடம். சனிக்கிழமை படகில் எழுந்து நின்று, நாலு பக்கமும் தலையை மெதுவாகத் திருப்பி, "எல்லாம் மரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருடமாக ஒரு பெயரும் வரவில்லை. ஃப்ளாய்டுக்கு வயதாகி மனசு இளகிவிட்டது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். அவர் வீட்டு வாசலில் ஒருமுறை யாரோ சுடச்சுட ஆப்பிள் பை பலகாரமும் வைத்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் தனியாக மீன் பிடிக்கப் போவதை மட்டும் அவர் விடவில்லை. திரும்பி வருவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. சமையலறைக்குப் பக்கத்துச் சரிவில் ஒரு பிர்ச் மரம், அந்தி வெளிச்சத்தில் வெள்ளையாக மின்னும். அதை நோக்கித் துடுப்புப் போட்டால் படகு நேராகத் தன் துறையில் போய் முட்டும். முப்பது வருட அனுபவம் என்றால் சும்மாவா என்று தன்னையே மெச்சிக்கொள்வார். மேலே ஏறி வந்தால் ஆர்லீன் வராந்தாவில் ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருப்பாள். எப்போது பார்த்தாலும் படுக்கை விரிப்புதான். ஊரில் எல்லோரும் வாரத்துக்கு ஒருதரம் துவைக்கிறார்கள், இவள் மட்டும் தினமும் துவைக்கிறாளே, தண்ணீர் மோட்டார் என்னத்துக்கு ஆவது என்று அவர் முணுமுணுப்பார். ஆர்லீன் அடுத்த மடிப்பைப் போடுவாள்.

இந்த வருடம் மரங்கொத்திகள் வேலையைக் காட்டிவிட்டன. ஏரி பார்த்த சுவரில் பலகை பலகையாகத் துளை போட்டிருந்தன. ஜூலையில் பலகைகளை மாற்றினார்கள். புதுப் பலகை, வெண்ணெய் நிறத்தில் பளபளவென்று, ஏரிக் கண்ணின் வீட்டு முகப்பில். லைல் தன் துறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சீக்கிரம் பெயின்ட் அடித்தாக வேண்டும். எந்தக் கரும்பச்சை என்பதுதான் கேள்வி. ஆர்லீன் ஊருக்குள் போய்ச் சாமான் வாங்கி வந்தாள். ஃப்ளாய்ட் கோழித்தூக்கம் போட்டு எழுவதற்குள், புதுப் பலகையில் கதவளவு ஐந்து பட்டைகள் அடித்து, கீழே சாக்பீஸால் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணும் போட்டுவிட்டாள். கடையில் கொடுத்த நிற அட்டைகளை வைத்துக்கொண்டு பெயர்களை வாசித்தாள். ஒன்று, 'ஈர நிழல்'. இரண்டு, 'பைன் மரத்து ரகசியம்'. மூன்று, 'கரடியின் மதியத் தூக்கம்'. நாலு, 'வேட்டைக்காரன் மேல்சட்டை'. ஐந்து, 'கிணற்றடிப் பாசி'. இப்படியெல்லாம் பெயர் வைப்பதற்கு எங்கோ ஒரு ஆபீஸில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

"நீதான் ஏரிக் கண்ணு. நீயே சொல்லு, எது?" என்றாள் ஆர்லீன்.

ஃப்ளாய்ட் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஐந்தும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டடி தூரத்தில்கூட வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கண் போய்விட்டதா? ஆர்லீன் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டாவதுல நீலம் அடிக்குது," என்றார்.

"அப்படியா?"

"நாலாவது மஞ்சளா இருக்கு. வெயில் பட்டா பல்லை இளிக்கும்."

ஆர்லீன் தலையாட்டினாள். அவசரமில்லை, வெவ்வேறு வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யலாம் என்றாள்.

அடுத்த பதினோரு நாளும் ஃப்ளாய்டுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. காலையில் காப்பியோடு போய் நிற்பார். மத்தியானம் தொப்பியோடு போய் நிற்பார். மழை பெய்த மறுநாள், ஈரத்தில்தான் பச்சையின் உண்மையான குணம் தெரியும் என்று சொல்லிக்கொண்டு ரப்பர் பூட்ஸோடு போய் நின்றார். சொன்னதை மறந்து மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று, எந்த எண்ணுக்கு என்ன குறை சொன்னோம் என்பதைச் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருந்தார். ஒன்று, ரொம்பச் சாம்பல். இரண்டு, நீலம். நாலு, மஞ்சள். ஐந்தைப் பற்றி ஒருநாள் யோசித்து, 'ஒருமாதிரி ஈரப் பழுப்பு' என்று எழுதிக்கொண்டார். மூன்றைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஆகவே மூன்றே நல்லது என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஏழாம் நாள் லைல் வேலியைத் தாண்டி வந்தார். ஐந்து பட்டைகளையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். லைலுக்குக் கழுகுக் கண், அதில் சந்தேகமே இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் யார் வீட்டுக்கு என்ன தபால் வந்தது என்பதை இங்கிருந்தே சொல்லக்கூடியவர். ஃப்ளாய்ட் சட்டைப் பையில் இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டுல நீலம் இருக்குன்னு சொன்னியாமே," என்றார் லைல்.

"இல்லையா பின்னே?"

லைல் பட்டைகளைத் திரும்பப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். குனிந்தார், நிமிர்ந்தார். "இருக்கு. லேசா. ஆனா நீ நாலை மஞ்சள்ங்கிறது தப்பு. அஞ்சுதான் மஞ்சள். நாலு சுத்தமான பச்சை."

இதன்மேல் இருவருக்கும் முக்கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. ஆர்லீன் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருதரம் மட்டும் ஏதோ தொண்டையில் சிக்கியதுபோல இருமிக்கொண்டு உள்ளே எழுந்து போனாள். லைல் கிளம்பும்போது, கண் இருக்கிறவன் எவனும் நாலைத்தான் எடுப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஃப்ளாய்டுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. லைல் பார்க்கிறான், எனக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை அரித்தது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், நடு ஏரிக்குப் போய்ப் பார்த்தே முடிவு செய்யலாம், நானும் வருகிறேன் என்று ஆர்லீன் படகில் ஏறிக்கொண்டாள். அவள் படகில் ஏறி இரண்டு வருடமாகிவிட்டது. ஃப்ளாய்ட் துடுப்புப் போட்டார். தண்ணீர் அசையாமல் இருந்தது. நடுவுக்கு வந்ததும் எழுந்து நின்று, தன் வீடு இருக்க வேண்டிய திக்கில் முகத்தை வைத்து, ஏரிக் கண்ணுக்கே உரிய நிதானத்தோடு பார்த்தார். அவர் பார்த்ததெல்லாம் தேநீர்தான்.

"மூணு. கரடியின் மதியத் தூக்கம். அது இருக்கிற இடமே தெரியல. மத்த நாலும் அங்கங்க துருத்திக்கிட்டு நிக்குது," என்றார்.

"உக்காரு, ஃப்ளாய்ட்."

உட்கார்ந்தார்.

"அஞ்சும் ஒரே டப்பா," என்றாள் ஆர்லீன்.

அவருக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். வாங்கியது ஒரே ஒரு டப்பா. அட்டை மட்டும் ஐந்து, அது கடையில் சும்மா கிடைப்பது. ஒரே டப்பா, ஒரே தூரிகை, ஐந்து பட்டை. பதினோரு நாளில் என்றைக்காவது ஒருநாள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தாளாம்.

"உன் கண்ணு ரெண்டு வருஷத்துல ஒரே ஒருதரம் உண்மையைச் சொல்லிச்சு. நீ அதை நம்பல," என்றாள்.

ஃப்ளாய்ட் துடுப்பைப் படகுக்குள் இழுத்து வைத்தார். சாயம் வெளுத்துவிட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டார்.

முதல் கோடையிலிருந்தே தெரியும் என்றாள். மிதவைக்குக் கையசைத்து அதை அக்கரை வீட்டு டாக்டர் கோல்பி என்று நினைத்துப் பேசியதைப் பார்த்தாளாம். சர்ச்சிலிருந்து இருட்டும் நேரத்தில் அவர் வண்டி ஓட்டி வரும்போதெல்லாம் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நாற்பத்து நாலு வருடத்தில் ஆர்லீன் அழுது அவர் பார்த்தது நாலைந்து தடவைதான். ஃப்ளாய்டுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"லைல்கிட்ட சொல்லமாட்டேன். சொன்னா அவருக்கும்தான் அசிங்கம், அவரும் அஞ்சு பச்சை பார்த்தாரு. ஆனா நீ சரனாக் லேக் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணை அறுத்துக்கணும். நாள் வாங்கி வெச்சுட்டேன்."

அவர் சரி என்றார். வேறென்ன சொல்ல? துடுப்பை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல பிர்ச் மரத்தைத் தேடினார். காணவில்லை. ஒரு வெள்ளைப் பொட்டும் எங்கும் தெரியவில்லை. உத்தேசமாகத் துடுப்புப் போட்டார். படகு போய் முட்டியதும் தலைக்குமேல் லைலின் குரல் கேட்டது. என்ன, நாலாம் நம்பரை இங்கிருந்து பார்க்க வந்தீர்களா என்றார். லைல் வீட்டுத் துறைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். ஆமாம், இங்கிருந்தும் பார்த்துவிடலாம் என்று வந்தோம் என்று ஆர்லீன் பூசி மெழுகினாள். திரும்பும்போது, இன்றைக்குப் பார்த்து அந்த பிர்ச் எங்கே ஒழிந்தது என்று ஃப்ளாய்ட் முனகினார்.

"இன்னிக்கு நான் உன்கூடல்ல இருக்கேன்," என்றாள் ஆர்லீன். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. அவமானத்தில் இருந்த மனிதர் அதைக் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் வலது கண் ஆபரேஷனை முடித்தார்கள். ஊருக்கு, மரத்தூள் விழுந்துவிட்டது என்று சொல்லி வைத்தார்கள். மூடி போட்ட கண்ணோடு அவர் உள்ளே படுத்திருந்தபோது, ஆர்லீன் ஏணி போட்டு முன்சுவர் முழுவதையும் தானே அடித்து முடித்தாள். கடைசியில் எந்தப் பெயருள்ள பச்சை என்று கேட்டதற்கு, அட்டைகளை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன், பெயர் ஞாபகமில்லை என்றாள்.

சனிக்கிழமை வந்தது, அன்று காலைதான் கண் மூடியைக் கழற்றினார். பான்கேக் முடிந்தது. சங்கத்து வழக்கப்படி செயலாளர் லைல் துடுப்புப் போட, ஃப்ளாய்ட் எதிரே உட்கார்ந்து நடு ஏரிக்குப் போனார். கரையெல்லாம் காப்பிக் கோப்பைகள். லைல் மடியில் குறிப்புப் புத்தகத்தை விரித்தார். ஃப்ளாய்ட் எழுந்து நின்றார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஏரியைப் பார்த்தார். தண்ணீர் நீலமாக இருந்தது. அதுவே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கரையைப் பார்த்தார். கரை திருவிழா மாதிரி இருந்தது. அவர் மனசு இளகிய செய்தி பரவியதில் ஆளாளுக்குத் துளிர்விட்டிருந்தது. பெவர்லி அம்மாள் வீட்டில் புதினா ஐஸ்க்ரீம் திரும்பி வந்திருந்தது. டாக்டர் கோல்பியின் படகுக் கொட்டகை தக்காளிச் சிவப்பு. லைல் வீட்டு ஏரிக்கதவு மயில்கழுத்து நிறத்தில் கண்ணைப் பறித்தது. ஃப்ளாய்டின் பார்வை அதன்மேல் ஒரு கணம் நின்றதை லைல் பார்த்துவிட்டார். பென்சில் அப்படியே நின்றது.

பிறகு ஃப்ளாய்ட் தன் வீட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. ஆர்லீன் அடித்த பச்சை அப்படியொரு பச்சை. சுவர் காட்டுக்குள் போய்க் கலந்துவிட்டிருந்தது. பிர்ச்சை வைத்துப் பிடிக்கலாம் என்று பார்த்தார். பிர்ச் மரங்கள் கரை நெடுக இருந்தன, எல்லாம் மெலிந்து, சாம்பல் பூத்து, ஒன்றும் தனியாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வெள்ளைப் பொட்டு இருந்தது. இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே, கயிற்றில், வீடு வாசல் எதுவும் இல்லாமல் காட்டின் நடுவே ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஆர்லீன் நின்றாள்.

ஃப்ளாய்ட் அந்த விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கரையில் இருந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் நின்றார்கள். அவர் படகில் போன ஒவ்வொரு சாயங்காலமும், மழை வந்தாலும் வராவிட்டாலும், அவள் அதைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறாள். படகு துறையில் முட்டியதும் அவிழ்த்து மடித்திருக்கிறாள். நாற்பது வீட்டுக்கும் அது தெரிந்திருக்கிறது. சட்டம் தெரிந்த ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, லைல் உட்பட. தெரியாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். புதுக் கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள்.

"ஒண்ணு," என்றார் உரக்க. தண்ணீர் அதைக் கரைக்குக் கொண்டுபோனது. "ட்ராம்ப்ளி வீடு. ஏரிப் பக்கம் துணி."

லைல் எழுதிக்கொண்டார். அடுத்த பெயருக்குக் காத்திருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

"மத்ததெல்லாம் மரம்," என்று சொல்லிவிட்டு ஃப்ளாய்ட் உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்தார்கள். அப்புறம் லைல், கதவை அக்டோபருக்குள் மாற்றிவிடுகிறேன் என்று துடுப்பைப் பார்த்துச் சொன்னார். எந்தக் கதவு என்று கேட்டார் ஃப்ளாய்ட்.

படியேறி வந்தபோது ஆர்லீன் விரிப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ளாய்ட் போய் எதிர்ப்பக்கத்து இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் துணி மடித்ததில்லை, ஆகவே கோணலாகத்தான் வந்தது.

"எண்பது பேருக்கு பீன்ஸ்," என்றாள் ஆர்லீன். "அடுத்த மாசம் இடது கண்ணும் முடிஞ்சிடும். அப்புறம் இதைக் கட்ட வேண்டியதில்ல."

"அப்புறமும் கட்டு," என்றார் ஃப்ளாய்ட். "வருஷா வருஷம் பீன்ஸை நான் செஞ்சுடறேன்."